பேருக்குக் கீழே ஒரு வரி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு இந்த ஓரம்தான் தோது. உபசாரத்துக்குச் சொல்லல. போன் வந்துக்கிட்டே இருக்கும், எனக்குக் கையை ஆட்டாமப் பேச வராது. ஓரத்துல உக்காந்தா கண்டக்டரைத்தான் இடிப்பேன், அவருக்குப் பழக்கம் இருக்கும். பண்ருட்டி வரைக்கும்தான் நான். அதுக்கப்புறம் கும்பகோணம் வரைக்கும் நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.

என்னது, கூட்டுறவு பேங்க்லயா இருக்கீங்க? மேனேஜரா! அப்பக் கொஞ்சம் நிமிர்ந்து உக்காரணும் நான். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ரெண்டு வருஷமா? கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிடுங்க சார். யார் வம்புக்கும் போயிடாதீங்க. இந்தக் காலத்துல ஒழுங்கா ஒரு வேலையில இருந்து ஒழுங்கா வெளிய வர்றதே பெரிய விஷயம். மாலை போட்டு அனுப்புவாங்க பாருங்க, அந்த மாலை லேசுப்பட்டதில்ல.

நானா? ராத்திரி எட்டு மணிக்கு டிவியைப் போட்டா நாலு பெட்டியில நாலு தலை கத்திக்கிட்டு இருக்குமே, பாத்திருப்பீங்க. அந்தத் தலைங்களைப் பிடிச்சுக் கொண்டுவந்து உக்கார வைக்கிறவன் நான். பேரு பூவராகன். சேனல் பேரு வேண்டாம், சொன்னா பஸ்ல நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க, அதுல ரெண்டு பேர் அடிக்க வருவாங்க. அடையாள அட்டையில விருந்தினர் ஒருங்கிணைப்பாளர்னு போட்டிருக்கு. என் பொண்டாட்டி சொல்லுவா, ‘கல்யாணத்துக்கு சமையல்காரரைத் தேடற மாதிரி தினம் தேடறீங்க, ஆனா ஒரு நாளும் சாப்பாடு நல்லா இல்லையே’ன்னு. சரியாத்தான் சொல்றா.

காலையில எங்க சேனல் ஆசிரியர் விவாதத்துக்குத் தலைப்பு சொல்லுவாரு. அங்க ஆரம்பிக்கும். ஆளுங்கட்சிக்கு ஒருத்தர், எதிர்க்கட்சிக்கு ஒருத்தர், விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர், நடுநிலைக்கு ஒருத்தர். இந்த நடுநிலைதான் சார் கிடைக்கறதே இல்ல. கிடைச்சாலும் பேசத் தெரியாது. மூத்த அரசியல் விமர்சகர் ஒருத்தரு இருக்காரு, போனை எடுத்ததும் முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘தம்பி, இன்னிக்கு நான் ஆதரவா, எதிர்ப்பா?’ சிரிக்காதீங்க. எனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். கௌரவமான மனுஷன். சொன்ன பக்கத்துல உக்காருவாரு, சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை கத்த மாட்டாரு.

ஒரு நிமிஷம் சார். வணக்கம்ண்ணே! சொல்லுங்கண்ணே. ஆமாண்ணே, இன்னிக்குத்தான். கௌரவ விரிவுரையாளர்கள் போராட்டம் பத்தி. பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன், காத்துச் சத்தம். கார்தானே? அனுப்பிடறேண்ணே. ஏசி கார்தான். போன தடவை மாதிரி ஆகாது, என்னை நம்புங்க.

வக்கீல் சம்பந்தமூர்த்தி. எதிர்க்கட்சி ஆதரவாளர். போன வாரம் இவருக்கு அறுபதாம் கல்யாணம். நம்ம சேனல்ல கீழ எழுத்து ஓடும் பாருங்க, அதுல வாழ்த்து ஓட விட்டேன். ஆசிரியரைக் கேக்கல, ஒருத்தரையும் கேக்கல. அந்த எழுத்து ஓட்டற டெஸ்க்ல மன்சூர்னு நம்ம ஆளு இருக்காரு. ஒரு போன்தான். காபி ஆறறதுக்குள்ள ஓடிடுச்சு. அந்த நன்றி கூட இல்ல இவருக்கு, கார் அனுப்பினாத்தான் வருவாராம். என்னத்தச் சொல்ல.

பண்ருட்டியில என்ன வேலையா? அது ஒரு தலைவலி சார். ஒரு புரொபசரைப் பாக்கப் போறேன். குணசீலன்னு பேரு. பொருளாதாரம். புரொபசர்னா முழுப் புரொபசர் இல்ல, அரசுக் கல்லூரி ஒன்னுல கௌரவ விரிவுரையாளர். கௌரவம்னு பேருல இருக்கே தவிர வேற எங்கயும் இல்ல. வருஷா வருஷம் ஜூன்ல புதுப்பிக்கணும். மே மாசம் சம்பளம் கிடையாது. அவரும் டாக்டர் பட்டம் வாங்கி, தலை நரைச்சு, நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வரும் வரும்னு உக்காந்திருந்தாரு.

அவரைக் கண்டுபிடிச்சது நான்தான். அதை முதல்ல சொல்லிடறேன். ஒரு நாள் வர வேண்டிய ஆடிட்டர் வரல. யாரோ நம்பர் குடுத்தாங்க, கூப்பிட்டேன். வந்தாரு. இஸ்திரி போட்ட சட்டை, கையில டிபன் பாக்ஸ். டிவிக்கு வர்றவங்க எவனாவது டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வருவானா? பற்றாக்குறை பட்ஜெட்னா என்னங்கன்னு நெறியாளர் கேட்டாரு. இவரு சொன்னாரு பாருங்க, ‘ஊர்த் திருவிழாவுக்கு வரி வசூல் முடியறதுக்கு முன்னாடியே மேளக்காரருக்கு அட்வான்ஸ் குடுத்துடறோம் இல்லையா, அதுதாங்க. மேளமும் வேணும், வரி குடுக்காத வீட்டு வாசல்ல போய் நிக்கவும் கூச்சம்.’ கேமராவுக்குப் பின்னாடி நின்னவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. நான் அன்னிக்கே முடிவு பண்ணேன், இந்த ஆளை விடக் கூடாதுன்னு.

அதுக்கப்புறம் எத்தனையோ தடவை வந்தாரு. பொருளாதார நிபுணர்னு பேருக்குக் கீழ போடுவோம். அந்த எழுத்தை அவரு வீட்டுல டிவியில இருந்தே போட்டோ பிடிக்கச் சொல்லி வெச்சிருந்தாரு சார். அவரு சம்சாரம், அனுசுயான்னு பேரு, அது போன் பண்ணும், ‘அண்ணா, இன்னிக்கு அவரை ரெண்டாவது பிரேக்குக்கு அப்புறம் பேச விடவே இல்லையே’ன்னு. என்ன உரிமை பாருங்க. அண்ணா அண்ணான்னு உசுரை விடும். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்னு பஸ்ல போட்டு அனுப்பிச்சுது, ஆபீஸே மணத்துது.

இந்தப் பேருக்குக் கீழ ஒரு வரி இருக்கு பாருங்க, அதுதான் சார் எங்க தொழிலே. பேரை எவன் படிக்கறான்? கீழ என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு, இவன் நம்மாளா எதிராளியான்னு முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் அவரு என்ன பேசினாலும் காதுல ஏறாது. சாயங்காலமே நாலு பெட்டிக்கும் கீழ் வரியைத் தயார் பண்ணி வெச்சுடுவாங்க. ஆளு மாறினா மேல பேரை மட்டும் மாத்துவாங்க. அது சௌகரியத்துக்காக. தப்புன்னு சொல்ல முடியாது.

அன்னிக்கு பட்ஜெட் நாளு. மழை வேற. வக்கீல் சம்பந்தமூர்த்தி கத்திப்பாரா டிராபிக்ல மாட்டிக்கிட்டாரு. எதிர்க்கட்சியில இருந்து நேரா ஆள் கேக்கலாம்னா, எங்க நெறியாளர் ஏதோ கேட்டுட்டாருன்னு அவங்க எங்க சேனலுக்கே ஆள் அனுப்பறதை நிறுத்திட்டாங்க. அதனாலதான் ஆதரவாளர்னு ஒரு ஜாதியை நாங்களே உண்டாக்கி வெச்சிருக்கோம். அந்த நாற்காலி காலி. மணி எட்டு அடிக்கப் போகுது. ஆளுங்கட்சிக்காரரு எழுந்து நின்னுட்டாரு, ‘எதிர்ல ஆளே இல்லாம நான் யாரைத் திட்டறது? கிளம்பறேன்’கறாரு. அவரு கேக்கறதும் நியாயம்தானே.

நான் என்ன பண்ணேன், குணசீலன் சாரை இந்தப் பக்கத்துல இருந்து அந்த நாற்காலிக்கு மாத்தினேன். ‘சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, லைட் இங்க நல்லா விழுது’ன்னேன். அவரு பாவம் டிபன் பாக்ஸோட எழுந்து மாறி உக்காந்தாரு. அவரு இடத்துல போன்ல ஒரு ஆடிட்டரைப் போட்டுட்டோம். நாலு பெட்டியும் நிறைஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. கிராபிக்ஸ்ல பேரை மாத்தினாங்க. கீழ் வரி அப்படியே நின்னுடுச்சு. எதிர்க்கட்சி ஆதரவாளர். மறந்துட்டாங்க. பட்ஜெட் நாள்ல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? சொல்லுங்க.

அதோட விட்டாலும் பரவாயில்ல. இவரு அன்னிக்குப் பாத்து பட்ஜெட்டைப் பாராட்டிட்டாரு! ‘பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினது நல்ல விஷயம், வரவேற்கணும்’னுட்டாரு. கீழ எதிர்க்கட்சி ஆதரவாளர்னு ஓடுது, மேல இவரு அரசாங்கத்தைப் பாராட்டறாரு. எதிர்ல உக்காந்திருந்த ஆளுங்கட்சிக்காரரு திட்டறதுக்கு எழுதி எடுத்துட்டு வந்த காகிதத்தை மடிச்சுட்டாரு. சண்டைக்குத் தொடை தட்டி வந்தவன் கையில வெத்தலைத் தட்டைக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. அவரு வாழ்க்கையிலேயே முதல் தடவையா ‘நன்றி’ன்னு சொல்லிட்டு உக்காந்தாரு.

ஸ்டுடியோவுக்குள்ள இருக்கறவங்களுக்கு அந்த எழுத்து தெரியாது சார். அனுசுயாதான் முதல்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்கு. வெளிய வந்தவரு முகமே சரியில்ல. ‘என்ன பூவராகன், என்னைக் கட்சிக்காரன்னு போட்டுட்டீங்களாமே?’ன்னாரு. ‘அட விடுங்க சார், யாரு பாக்கப் போறா?’ன்னேன். உண்மையாவே அப்படித்தான் நினைச்சேன். ராத்திரி எட்டு மணிக்கு ஜனங்க சீரியல்தானே பாக்கறாங்க.

விடியறதுக்குள்ள ‘எதிர்க்கட்சி ஆதரவாளரே பாராட்டிய பட்ஜெட்’னு வெட்டி ஊர் பூரா அனுப்பிட்டாங்க. ஆளுங்கட்சிக்காரங்க கொண்டாடறாங்க. எதிர்க்கட்சிக்காரங்க, ‘நம்ம பேரைச் சொல்லி டிவியில உக்காந்துக்கிட்டு நமக்கே குழி பறிக்கிறியா’ன்னு வசவு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கறது அவருக்குத்தான் பொருந்துச்சு. எந்தப் பக்கமும் சேராத ஒரு மனுஷன் சார், பாத்துக்குங்க. நடுநிலை நடுநிலைன்னு நான் தேடி அலைஞ்சேனே, இவருதான் அது. அப்ப எனக்குத் தோணல.

ஆனா எங்களுக்கு அன்னிக்கு நல்ல பேரு. பொய் சொல்லக் கூடாது. அந்த வாரம் ரேட்டிங்ல மேல வந்தோம். ஆசிரியர் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிப் போட்டாரு.

மோட்டல்ல நிறுத்தறான். டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? நல்லதாப் போச்சு, இங்க டீ கழனித்தண்ணி மாதிரி இருக்கும். எனக்கு அசிடிட்டி வேற. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. போன் பேசிப் பேசி இந்தக் காதுல ரீங்காரம் கேக்குது சார், படுத்தாலும் கேக்குது. ரிப்போர்ட்டர் ஆகணும்னு வந்தவன் நான். வெள்ளம், புயல், கலவரம்னு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னு ஆசை. இப்ப அண்ணே, சார், அக்கா, தலைவரேன்னு கெஞ்சறதுதான் பொழப்பு. நாலு பெட்டி நிறையலைன்னா என்னை மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க. எனக்கும் வருஷா வருஷம் ஒப்பந்தம்தான். இதெல்லாம் யார்கிட்ட சொல்றது?

எங்க விட்டேன்? ஆங், காலேஜ். ஜூன் வந்துச்சு. பிரின்சிபால் கூப்பிட்டு, ‘நீங்க எந்தக் கட்சிங்க?’ன்னு கேட்டிருக்காரு. ‘ஒன்னுமில்லீங்க ஐயா.’ ‘டிவியிலயே போட்டிருக்கானே?’ ‘அது அவங்க தப்பு.’ ‘தப்புன்னா அவங்கதானே சொல்லணும்?’ நல்லவருதான் அந்த பிரின்சிபாலும். மேலிடத்துல கேக்கறாங்களாம். கௌரவ விரிவுரையாளரா இருந்துக்கிட்டு ஒரு கட்சிக்கு ஆதரவா டிவியில எப்படின்னு ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். பிரின்சிபால் சொல்லிட்டாரு, ‘டிவியில போட்டதை டிவியிலயே தப்புன்னு ஒரு வரி சொல்லச் சொல்லுங்க. அதைக் காட்டி நான் மேல பேசிக்கறேன். அதுவரைக்கும் உங்க இடத்துல வேற ஆளைப் போடாம வெச்சிருக்கேன்.’ ஒரு வருஷம் விட்டுப்போச்சுன்னா அனுபவம் அறுந்துடும் சார். நாளைக்கு நிரந்தர வேலைக்கு எடுக்கறப்போ இத்தனை வருஷம் பாடம் நடத்தினது எல்லாம் ஆத்துல கரைச்ச புளிதான்.

அதுக்கு நாளைக்குத்தான் கடைசி. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன்னு பிரின்சிபால் சொல்லியிருக்காரு.

நான் கேக்கலைன்னு நினைச்சுடாதீங்க. ஆசிரியர் ரூமுக்குக் கேக்கத்தான் போனேன். ஒரு நாள் போனேன், ரேட்டிங் வந்த நாளு, அவரு சந்தோஷமா இருந்தாரு. சந்தோஷமா இருக்கறவர்கிட்டப் போய் நம்ம தப்பைச் சொல்லி எதுக்குக் கெடுக்கணும்? இன்னொரு நாள் போனேன், ரேட்டிங் இறங்கின நாளு, அன்னிக்கு எப்படிக் கேக்க முடியும்? எதுக்கும் ஒரு நேரம் காலம் இருக்கு சார். அதுவும் இல்லாம, தப்புன்னு நாங்களே ஒத்துக்கிட்டா நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்பிடுவாங்க. யாரு தப்புன்னு ஒரு பேச்சு வரும். கிராபிக்ஸ்ல உக்காந்திருந்தவரு வேலைக்கு உலை வைக்கணுமா? அவரும் பிள்ளைகுட்டிக்காரரு. அவரு கேக்கத்தான் செஞ்சாரு, ‘கீழ் வரியையும் மாத்தணுமா?’ன்னு. ‘முதல்ல நேரலை போகட்டும், அப்புறம் பாக்கலாம்’னேன். அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க.

அதுலேர்ந்து குணசீலன் என் போனை எடுக்கறதில்ல. அனுசுயா எடுக்கும். முன்ன மாதிரி அண்ணான்னு கூப்பிடறதில்ல, மொட்டையா ‘சொல்லுங்க’ங்குது. ஒரே கேள்விதான், ‘அந்த ஒரு வரி போட்டீங்களா?’ நான், ‘பேசிட்டு இருக்கேம்மா’ன்னுவேன். வெச்சுடும். மனசு கஷ்டமா இருக்கு சார். தங்கச்சி மாதிரி பழகினது.

அதான் இன்னிக்கு நேர்லயே கிளம்பிட்டேன். இன்னிக்குத் தலைப்பே கௌரவ விரிவுரையாளர்கள் போராட்டம் பத்தித்தான். எப்படி அமைஞ்சுது பாத்தீங்களா? அவரு வீட்டுலயே உக்கார வெச்சு, என் போனைப் பிடிச்சுக்கிட்டு, நேரலையில கொண்டுவந்துடுவேன். கீழ என்ன போடப் போறேன் தெரியுமா? பாதிக்கப்பட்ட விரிவுரையாளர். ஒரு பயலுக்கும் சந்தேகம் வராது, கட்சிக்காரர் இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். தனியா எதுக்கு மறுப்பு? அதுவே மறுப்புதானே? காலேஜ்ல என்ன சொல்லுவாங்களா? என்ன சார், நல்லதைச் சொன்னா நீங்களும் அவரு சம்சாரம் மாதிரியே கேக்கறீங்க. அரசாங்கத்தைக் குறை சொன்னா வேலை போயிடுமாம்! அதான் இப்பவே இல்லையே, இதுக்கு மேல என்ன போகப் போகுது?

நேர்ல போனா அவரால முகத்தைப் பாத்து மாட்டேன்னு சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மனுஷன். அந்த நம்பிக்கையிலதான் போறேன்.

விழுப்புரம் தாண்டிடுச்சா? அப்பச் சரி, ஒரு போன் போட்டுச் சொல்லிடறேன், திடுதிப்புனு போய் நிக்கக் கூடாது.

ஹலோ, அனுசுயாவா? நான் பூவராகன்மா. ஊருக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன். ஆமா, வீட்டுக்கு. சார் இருக்காரா? இல்லம்மா, அது வந்து, நேர்ல சொல்றேன். என்னது? ஏன் சாப்பிடல? ம். ம். எப்பலேர்ந்து? சரிம்மா. இல்ல, கேக்குது, கேக்குது. சரி, வெச்சுடறேன்.

என்னவோ மாதிரி ஆயிடுச்சு சார். கொஞ்சம் தண்ணி இருக்குமா உங்ககிட்ட? நன்றி.

காலையிலேர்ந்து எங்க சேனலைத்தான் போட்டுட்டு உக்காந்திருக்காராம் குணசீலன். சத்தத்தை அணைச்சுட்டாராம். கீழ ஓடற எழுத்தை மட்டும் படிச்சுக்கிட்டு இருக்காராம். பெட்ரோல் விலை, மழை நிலவரம், தங்கம் விலை, எல்லாம் ஓடி முடிஞ்சு திரும்ப முதல்லேர்ந்து வருமே, அதைத் திரும்பத் திரும்ப. சாப்பிடக் கூப்பிட்டா, ‘நான் அந்தப் பக்கம் போற நேரத்துல ஓடிடுச்சுன்னா என்ன பண்றது’ங்கறாராம். வக்கீலுக்கு வாழ்த்து ஓடினதையும் பாத்திருக்காரு போல. ‘அதை மட்டும் அன்னிக்கு ஏழெட்டு தடவை ஓட்டினாங்களே’ன்னு அந்தம்மா கேக்குது. கோவமாக் கூடக் கேக்கல சார். அழுகையும் இல்ல. விலை கேக்கற மாதிரி கேட்டுச்சு.

நான் கெட்டவன் இல்ல சார். நிஜமாச் சொல்றேன். ஒருத்தர் சோறு தின்னாம என் எழுத்துக்காக உக்காந்திருக்காருன்னா நான் சும்மா பாத்துக்கிட்டு இருப்பேனா? இருங்க. என்ன ஆசிரியர், என்ன பெரிய இது? வாழ்த்து ஓட்டத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா? மன்சூருக்கே போடறேன். ‘பட்ஜெட் விவாதத்தில் பங்கேற்ற பேராசிரியர் குணசீலன் எந்தக் கட்சியையும் சார்ந்தவர் அல்லர். தவறுக்கு வருந்துகிறோம்.’ எப்படி இருக்கு? அல்லர்னுதானே போடணும்? நீங்க சொன்னாச் சரிதான். பண்ருட்டியில நான் போய் இறங்கறதுக்குள்ள ஓடும் பாருங்க. நான் அந்த வீட்டு வாசப்படி ஏறறப்போ அவரு டிவியைப் பாத்துக்கிட்டு இருக்கணும். அந்த முகத்தை நான் பாக்கணும் சார். அனுசுயா அண்ணான்னு கூப்பிடணும்.

ரிங் போகுது. எடுக்கறான்.

மன்சூர்! பூவராகன் பேசறேன்பா. ஒரு உதவி. ஒரே ஒரு வரி, நான் சொல்லச் சொல்ல அடிச்சுக்க. என்னது? நீ என்னைத் தேடிட்டு இருக்கியா? எதுக்கு? எப்ப அறிவிச்சாங்க? இப்பவா? பயிர்க்கடனா? கூட்டுறவு பேங்க்லயா? சட்டசபையிலயா? அட கடவுளே. அப்ப விரிவுரையாளர்? அது இல்லையா? இன்னிக்கு இல்லையா, இனிமேலே இல்லையா? ஆசிரியர் கத்தறாரா? கத்தாம என்ன செய்வாரு. இருப்பா, பதறாதே. வக்கீல் அப்படியே இருக்கட்டும், அவருக்கு எல்லாம் ஒன்னுதான். ஆளுங்கட்சிக்கு நானே பேசிக்கறேன். விஷயம் தெரிஞ்சவர்தானே வேணும்? கூட்டுறவு பேங்க் தெரிஞ்சவரு. நான் பாத்துக்கறேன். பெட்டி காலியா இருக்காதுன்னு ஆசிரியர்கிட்ட சொல்லு. இல்லப்பா, அந்த ஒரு வரி அப்புறம் சொல்றேன். அப்புறம், அப்புறம். வை போனை.

பாத்தீங்களா சார், இதுதான் எங்க பொழப்பு. காலையில ஒன்னு, மத்தியானம் ஒன்னு. கூட்டுறவு பேங்க்ல பயிர்க்கடன் தள்ளுபடியாம், அறிவிச்சுட்டாங்க. யாரை இப்பப் போய்ப் பிடிக்கறது? ஆடிட்டர் வெளியூர். இன்னொருத்தரு இருக்காரு, அவருக்குப் பல் பிடுங்கியிருக்கு.

என்னங்க, கண்டக்டரு? பண்ருட்டியா? அதுக்குள்ளயா?

இல்லைங்க, நான் இறங்கல. டிக்கெட்டை நீட்டிக் குடுங்க, கும்பகோணம் வரைக்கும். வழி விடுங்கம்மா, நீங்க இறங்குங்க. போலாம், போலாம், விசில் அடிங்க.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? குணசீலன் எங்க ஓடிடப் போறாரு? திரும்பி வர்றப்போ பாத்துக்கலாம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல. இன்னிக்குப் பெட்டி காலியா நின்னா நாளைக்கு நான் இருந்தாத்தானே அவருக்கு நல்லது பண்ண முடியும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க.

சார், ஒன்னு கேக்கட்டுமா? கும்பகோணத்துல எட்டு மணிக்கு உங்களுக்கு ஒன்னும் வேலை இல்லையே? உங்க வீட்டுலயே ஒரு நாற்காலி, பின்னாடி ஒரு புத்தக அலமாரி இருந்தா நல்லது, இல்லன்னா சாமி படம் இல்லாத சுவரு ஒன்னு போதும். போனை நான் பிடிச்சுக்கறேன். கடன் தள்ளுபடின்னா பேங்க்ல என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, ரெண்டாவது பிரேக் வரைக்கும் இருந்தாப் போதும். கூச்சமெல்லாம் படாதீங்க, நீங்க நல்லாப் பேசுவீங்க, இவ்வளவு நேரம் எப்படிக் கேட்டுக்கிட்டு வந்தீங்க!

வேலைக்கு ஒன்னும் வராது சார். என்ன நீங்க, சின்னப் பிள்ளை மாதிரி. இன்னும் ரெண்டே வருஷம், யாரு பாக்கப் போறா? உங்க முழுப் பேரை மட்டும் சொல்லுங்க. பேருக்குக் கீழ என்ன போடறதுங்கறதை நான் பாத்துக்கறேன்.